கிண்ணமும் கரண்டியும்

நவம்பர் மாதத்தில் ஹெல்சிங்கித் தெருக்களில் நடந்தால் வேலிக் கம்பிகளின் நுனியிலும் மரக்கிளைகளிலும் ஒற்றைக் கையுறைகள் மாட்டியிருக்கும். ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை, யாரோ பெரியவரின் தோல் கையுறை, பாட்டி பின்னிக் கொடுத்ததுபோல் தெரியும் கம்பளிக் கையுறை. முன்னால் போனவர் தவறவிட்டதைப் பின்னால் வந்தவர் குனிந்து எடுத்து, சேறு தட்டி, கண்ணில் படுகிற உயரத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். தொலைத்தவர் அதே வழியில் திரும்பி வருவார், தேடுவார் என்ற நம்பிக்கை. நாள்கணக்கில் அது அங்கேயே இருக்கும். கல்லியோ பகுதிக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் இந்த ஊர்மேல் எனக்கு மதிப்பு உண்டானது இந்தக் கையுறைகளால்தான்.

கல்லியோ பழைய தொழிலாளர் பேட்டை. குன்றின் உச்சியில் 1912இல் கட்டி முடித்த கருங்கல் தேவாலயம் நிற்கிறது. அதன் மணிகளுக்கு மெட்டு அமைத்துக் கொடுத்தவர் சிபேலியுஸ். குன்றுச் சரிவில் நெருக்கமாக நிற்கும் பழைய மாடிக் குடியிருப்புகளில் ஒன்றில் எங்கள் வீடு. டிசம்பரில் சூரியன் காலை ஒன்பது மணிக்கு மேல் எழும், பிற்பகல் மூன்று மணி தாண்டியதும் இறங்கிவிடும். பகலிலும் மேகம் மூடியிருந்தால் விளக்கை அணைக்கவே முடியாது. போடிநாயக்கனூர் வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த இருட்டு உடம்பில் வலியாகவே இறங்கியது.

அந்த நாள்களில்தான் எதிர்வீட்டு அம்மா முதன்முதலாக என்னிடம் நெருங்கி வந்தார். எண்பதைத் தாண்டியவர். மாடிப்படியடியில் என்னை நிறுத்தி, தன் பையிலிருந்து நூலில் கட்டிய சின்ன பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்து என் கோட்டில் குத்தினார். "இருட்டு. கார்" என்று இரண்டே சொல். போய்விட்டார். கார் விளக்கு பட்டால் பளிச்சென்று மின்னும் ஒளிவில்லை அது. இருட்டில் தெருவில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. பெர்த்தெலி என்ற ஊரில் பிளாஸ்டிக் சாமான்கள் செய்துகொண்டிருந்த ஆர்வி லெஹ்தி என்பவர், குதிரை வண்டிகள் இரவில் தெரிய வேண்டும் என்று உருவாக்கியதிலிருந்து வந்தது இந்த வில்லை. இன்று பள்ளிக் குழந்தைகளின் பைகளில் அது நட்சத்திரமாகவும் கரடியாகவும் தொங்குகிறது.

என் அம்மா ஊரிலிருந்து போனில் கேட்பார்: "அக்கம்பக்கத்துல யாராச்சும் ஒங்கிட்டப் பேசுறாங்களாடி?" பேசவில்லை என்பதுதான் உண்மை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையை லேசாக அசைப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு எட்டு விட்டு நிற்பார்கள். "சாப்பிட்டாச்சா" என்ற கேள்வியை இந்த ஊரில் நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. ஆனால் அம்மாவிடம் "யாரும் பேசுவதில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றும். பேசாமலே நடக்கிற காரியங்களை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் பொதுச் சலவை அறை இருக்கிறது. சுவரில் ஒரு தாள். யார் எந்த மணிக்கு என்று பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். சௌனா என்ற நீராவிக் குளியலறைக்கும் அப்படியே, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு. முந்தின வீட்டார் தங்கள் நேரம் முடிவதற்குள் பலகைகளைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். முற்றத்தில் கம்பளங்களைத் தொங்கவிட்டு அடிக்கும் சட்டம் நிற்கிறது; எந்த நேரத்தில் அடிக்கலாம் என்பதும் எழுதியிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் பனி உருகி, குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக்கல் முற்றமெங்கும் கிடக்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள்: சனிக்கிழமை தல்கோத். கூலி இல்லாத கூட்டு வேலை. வாருகோலும் தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டு எல்லா வீட்டாரும் இறங்குவார்கள். வேலை முடிந்ததும் தொத்திறைச்சி சுட்டு, காபி ஊற்றிக் குடிப்பார்கள். அன்று பெயர் தெரிந்துகொண்டவர்களை மறுநாள் மாடிப்படியில் பார்த்தால் பழையபடி தலையசைப்புதான். ஆனால் அந்தத் தலையசைப்பில் இப்போது ஒரு தெரிந்த முகம் இருக்கும்.

எதிர்வீட்டு அம்மா வீட்டுக்குள் என்னை அழைத்தது அடுத்த இலையுதிர்காலத்தில். இங்கே ஆசிரியரையும் மருத்துவரையும்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் வாய்க்கு அது வரவில்லை. "அம்மா" என்றே கூப்பிட்டேன். காபியும் புல்லாவும் வைத்தார். புல்லா என்பது ஏலக்காய் இடித்துப் போட்டுப் பிசைந்த இனிப்பு ரொட்டி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் ஊர் ஏலக்காய்க்குப் பேர்போனது. சாக்குச் சாக்காகக் குவிந்த கடைவீதியில் நடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். அவர் வீட்டு டப்பாவில் குவாத்தமாலா என்று போட்டிருந்தது. அடுத்த விடுமுறையில் போடி ஏலக்காய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, பாக்கெட்டை மூடி, அலமாரியின் மேல்தட்டில் கிறிஸ்துமஸுக்கென்று எடுத்துவைத்தார்.

அன்று அவர் கோப்பைகளைக் கழுவும்போது கூட நின்றேன். தொட்டிக்கு மேலே ஓர் அலமாரி. கதவைத் திறந்தால் அடியில் பலகை இல்லை, கம்பித் தட்டுகள்தான். கழுவிய தட்டை அப்படியே ஈரத்தோடு செருகிக் கதவை மூடிவிடலாம். நீர் தானே தொட்டியில் சொட்டும். துடைக்க வேண்டாம், எடுத்து அடுக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் அது இருந்தது, பின்லாந்தில் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதைச் சாதாரணச் சாமானாகத்தான் பார்த்திருந்தேன். "இதைச் செய்தவர் ஒரு பெண்" என்றார் அவர். மாய்யு கெப்ஹார்ட். வீட்டு வேலைகளை ஆராய்ந்தவர். ஓர் இல்லத்தரசி தன் வாழ்நாளில் பாத்திரம் கழுவித் துடைப்பதில் 30,000 மணி நேரத்தைச் செலவிடுகிறாள் என்று கணக்குப் போட்டார். அதைக் குறைக்க வேண்டும் என்று, 1940களின் நடுவில், போர் முடியும் தறுவாயில், இந்த அலமாரிக்கு வடிவம் கொடுத்தார். எங்கள் ஆச்சி அடுக்களையில் கழித்த மணிகளை யாரும் எண்ணியதில்லை. ஒரு பெண்ணின் கையில் கழிகிற நேரத்தையும் எண்ணத்தக்க பொருளாக நினைத்த ஒருவர் இருந்தார் என்பது அன்று என்னை அசைத்தது. அதன்பின் இந்த நாட்டுச் சாமான்கள் எந்த ஆண்டில் வந்தன என்று விசாரிக்கும் வழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

மகள் வயிற்றில் இருந்தபோது விசாரிக்க நிறையக் கிடைத்தது. கருவுற்ற பெண்கள் நெயுவோலா என்ற தாய்சேய் நல நிலையத்துக்குப் போவார்கள். கட்டணம் கிடையாது. ஒரே செவிலி தொடக்கம் முதல் பார்ப்பார். உரிய மாதத்துக்குள் பரிசோதனை செய்துகொண்டால் அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனமான கேலாவிடமிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வரும். பனிக்கால உடுப்பு, தொப்பி, சட்டைகள், நகவெட்டி, வெப்பமானி, அடியில் பொருந்தும் மெத்தை. உடுப்புகளை எடுத்துவிட்டு மெத்தையை விரித்தால் அந்தப் பெட்டியே குழந்தைக்குத் தொட்டில். என் மகள் தன் முதல் மாதங்களில் அதில்தான் தூங்கினாள். துணிகளின் அச்சு ஆண்டுக்கு ஆண்டு மாறும். பூங்காவில் ஒரு குழந்தையின் உடுப்பைப் பார்த்தே "நம்ம வருஷத்துப் பிள்ளை" என்று தாய்மார் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளையும் என் மகளும் ஒரே தொப்பி. இந்தப் பெட்டி 1938இல் ஏழைத் தாய்களுக்கென்று தொடங்கி, 1949 முதல் எல்லோருக்கும் ஆனது. தொடங்கிய காலத்தில் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 60க்கும் மேல் முதல் பிறந்தநாளுக்குள் இறந்துகொண்டிருந்தன. இன்று அது இரண்டு அளவில் இருக்கிறது. பெட்டிக்காகவாவது தாய்மார் செவிலியைப் பார்க்க வந்தார்கள், அந்தச் சந்திப்பும் உயிர்களைக் காக்க உதவியது.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே, பனியில், தூங்கவிடுவார்கள் இங்கே. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால்தான் நிறுத்துவார்கள். என் செவிலி சொன்னபோது அம்மாவுக்கு நான் அதைத் தெரிவிக்கவே இல்லை. ஆனால் கம்பளி உறைக்குள் கன்னம் சிவந்து இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கி எழுந்த மகளைப் பார்த்தபின் எனக்குப் பயம் போயிற்று. தள்ளுவண்டியோடு பேருந்தில் ஏறினால் பயணச்சீட்டு வேண்டாம். வண்டியை விட்டுவிட்டு முன்னால் போய்ப் பணம் கொடுக்க ஒரு தாய் அலைய வேண்டாம் என்பதற்காக.

பூங்காச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் ஹெல்சிங்கியின் விளையாட்டுப் பூங்காக்களில் மதியம் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுவார்கள். பெயர் பதிய வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், எந்த நாட்டுக் குழந்தை என்று கேட்பதில்லை. ஒன்றே ஒன்றுதான்: சொந்தமாகக் கிண்ணமும் கரண்டியும் கொண்டுவர வேண்டும். மகளுக்கு நடக்கத் தெரிந்த கோடையில் நாங்களும் போனோம். ஒரு பெரிய பாத்திரத்தைச் சுற்றி வரிசை. சோமாலியக் குழந்தை, ரஷ்யக் குழந்தை, வெள்ளைத் தலைமயிர்ப் பின்லாந்துக் குழந்தை, எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கிண்ணம். பரிமாறுகிறவர் ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு கிண்ணத்திலும் சூப்பை ஊற்றினார். புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. இந்த ஏற்பாடு 1942இலிருந்து நடக்கிறது. 1942 என்றால் போரின் நடுவில், எல்லாப் பொருளும் பங்கீட்டு அட்டையில் கிடைத்த காலம்.

பள்ளி மதிய உணவுச் சட்டமும் அதே போர்க்காலம்தான், 1943. ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்து 1948இல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்தில் அடுப்பங்கரைக்குப் போதுமான பொருள் இல்லை. மாணவர்களே காட்டில் பழம் பொறுக்கியும் காய்கறி பயிரிட்டும் கொடுத்திருக்கிறார்கள். நான் சத்துணவுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். 1956இல் காமராஜர் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த அந்த வரிசையில் தட்டோடு நின்றவள். உலகத்தின் வடகோடியில் இன்னொரு ஏழை நாடு அதே முடிவை எடுத்திருக்கிறது என்று அறிந்தபோது, எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் உறவாக இருந்த ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டதாக உணர்ந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், பணக்கார நாடு, செய்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுகளைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. பெட்டி, பூங்கா உணவு, பள்ளி உணவு, ஒவ்வோர் ஊரிலும் நெயுவோலா வேண்டும் என்ற 1944ஆம் ஆண்டுச் சட்டம், பாத்திர அலமாரி எல்லாம் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில், பசியும் சாவும் வாசலில் நின்றபோது வந்தவை. வசதி பிறகு வந்தது.

எதிர்வீட்டு அம்மா அந்தப் பத்தாண்டின் பிள்ளை. இதை அவர் தன் சமையலறையில் சொல்லவில்லை, சௌனாவில்தான் சொன்னார்.

56 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் சுமார் 30 லட்சம் சௌனாக்கள். 2020இல் யுனெஸ்கோ இதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் தெருவிலிருந்து சற்று நடந்தால் கோத்திஹர்யு என்ற பொதுச் சௌனா, 1928இல் தொடங்கியது, இன்னும் விறகில் எரிவது. குளிர்கால மாலைகளில் துண்டு மட்டும் சுற்றிய ஆண்களும் பெண்களும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், உடம்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நான் வேறு திசையில் பார்த்துக்கொண்டு நடந்தவள். உடை களைந்து பிற பெண்களோடு உட்காருவது என்பது என் வளர்ப்பில் நினைத்துப் பார்க்க முடியாதது. மகள் பிறந்து சில மாதங்களுக்குப் பின், முதுகுவலி தாங்காமல் இருந்தபோது, எதிர்வீட்டு அம்மா தன் வாராந்தர முறையில் எங்கள் கட்டடத்துச் சௌனாவுக்கு என்னைக் கூட்டிப்போனார்.

மங்கிய விளக்கு. மூன்று படிகளாக மரப்பலகை. மேல்படியில் அவர், கீழ்ப்படியில் நான். உள்ளே நுழைந்த சில நிமிடத்தில் உடம்பைப் பற்றிய வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய வயிற்றில் குறுக்கே ஒரு பழைய அறுவைத் தழும்பு, என் வயிற்றில் புதியது. இரண்டும் அந்த அரையிருட்டில் ஒன்றுபோல் இருந்தன. மரக்கரண்டியில் தண்ணீரை மொண்டு, ஊற்றுவதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "போடட்டுமா?" ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டுதான் நீர் ஊற்ற வேண்டும், அது இங்கே மரியாதை. கல்லில் பட்டதும் உஸ்ஸென்று எழுந்த ஆவி கூரையில் மோதித் தோளில் இறங்கியது. லோய்லு என்கிறார்கள் அந்த ஆவியை. பிர்ச் மரத்தின் இளங்கிளைகளைக் கட்டிய கொத்தால் என் முதுகைத் தட்டினார். முன்காலத்தில் பெண்கள் பிள்ளை பெற்றதும் இங்கேதான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் இங்கேதான் என்றார். வீட்டிலேயே வெந்நீரும் சுத்தமும் உள்ள இடம் அது ஒன்றுதான்.

பிறகு தானாகவே பேசினார். மேசைக்கு எதிரெதிராக உட்கார்ந்தபோது இரண்டு சொல் பேசுகிறவர், முகம் தெரியாத வெக்கையில் நீளமாகப் பேசினார். வீபுரி நகரத்தில் பிறந்தவர். 1944இல் சோவியத் படை வந்தபோது தாயோடு மாடுகளை ஏற்றும் தொடர்வண்டிப் பெட்டியில் ஏற்றப்பட்டு மேற்கே வந்தார். வீபுரி இருந்த, போரில் பின்லாந்து இழந்த கரேலியாவிலிருந்து அப்படி வெளியேறியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல், அன்றைய பின்லாந்தில் ஒன்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில். அகதி முகாம் என்று தனியாக வைக்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்து, இருக்கிற வீடுகளில் ஓர் அறை ஒதுக்கினார்கள். 1945இல் சட்டம் இயற்றி, இருந்தவர்களின் நிலத்திலிருந்து எடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். "விருப்பத்தோடு கொடுத்தார்களா?" என்று கேட்டேன். "எல்லோரும் இல்லை. எங்கள் பேச்சைக் கேலி செய்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கஞ்சி எல்லோருக்கும் ஒரே பானையில்" என்றார். தலையைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மறுபடி மரக்கரண்டியைக் கையில் எடுத்து, "போடட்டுமா?" என்றார்.

அந்த ஆண்டு டிசம்பர் 6, விடுதலை நாள் மாலையில், எதிர் ஜன்னலில் அவர் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றியதைப் பார்த்து நானும் ஏற்றினேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஹியெத்தனியெமி கல்லறைத் தோட்டத்துக்கு அவரோடு போனோம். பனிமேல் ஆயிரக்கணக்கான விளக்குகள். போரில் இறந்தவர்களை முடிந்தவரை அவரவர் சொந்த ஊர்க் கல்லறைக்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறது இந்த நாடு. கரேலியாவில் விட்டுவந்த கல்லறைகளுக்கோ போக வழியில்லாமல் போனது. அதனால் பல ஊர்களில் அங்கே தங்கிவிட்ட முன்னோர்க்கென்று ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். தாத்தா பாட்டிக்கென்று அவர் ஏற்றும் விளக்கு அப்படிப்பட்ட ஒரு கல்லருகே.

ஜூனில் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். எதிர்வீட்டு அம்மா எங்களைக் கடற்கரையில் கம்பளம் துவைக்கும் மேடைக்குக் கூட்டிப்போனார். ஹெல்சிங்கியில் கடலோரத்தில் இதற்கென்றே மரமேடைகள் கட்டியிருக்கிறார்கள். மேசைகள், பிழியும் உருளைகள், காயப்போடும் கம்பங்கள். பைன் மணக்கும் சோப்பைத் தேய்த்து, தூரிகையால் உரசி, அலசி எடுப்பார்கள். அவருடைய விரிப்புகள் பழந்துணியைக் கிழித்து நெய்தவை. ஈரத்தில் நிறங்கள் துலங்கியபோது ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார்: இது கணவரின் நீலச் சட்டை, இது படுக்கை விரிப்பு, இது அராபியா பீங்கான் ஆலையில் வேலை பார்த்தபோது போட்ட மேலங்கி. நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன்னே என் அம்மா கையை நீட்டித் தூரிகையை வாங்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த நாட்டில் எனக்கு ஆற்றாமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும், கதவைத் தட்டி "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்க ஆளில்லாமல் முதியவர்கள் பலர் தனியே இருக்கிறார்கள். ஒருமுறை எதிர்வீட்டு அம்மா காய்ச்சலில் படுத்தது, சலவை அறைத் தாளில் அவர் பெயர் இல்லாததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று முதல் நாள்தோறும் அவர் வீட்டு மணியை அடிக்கிறேன். இங்கத்திய வழக்கத்துக்கு அது அதிகம்தான். இன்னொன்று, வேலைக்கென்று வந்த வெளிநாட்டவர் வேலை இழந்தால் மூன்று மாதத்தில், சிலருக்கு ஆறு மாதத்தில், வேறு வேலை கிடைக்காவிட்டால் வசிப்பு அனுமதியே போகலாம் என்று 2025இல் விதி வந்திருக்கிறது. எங்கள் நண்பர் வட்டத்தில் அந்தப் பயம் எல்லா விருந்திலும் வந்து உட்கார்கிறது. நான்கு லட்சம் பேருக்கு வீட்டில் இடம் ஒதுக்கிய நாடு இது. அந்த நினைவு இவர்களுடைய சட்டத்தில் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கலாம் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வரும் ஆகஸ்டில் மகளுக்குப் பள்ளி தொடங்குகிறது. இங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. படிவத்தில் உணவு பற்றிய கட்டத்தில் சைவம் என்று குறித்தேன். வேறு காரணம் கேட்கவில்லை. பிள்ளைகள் தனியாகவே நடந்து போவார்கள், கழுத்தில் வீட்டுச் சாவியோடு. என் கணவருக்கு இதில் உடன்பாடு இல்லை, முதல் ஆண்டு முழுக்கத் தானே கொண்டுபோய் விடுவேன் என்கிறார். எதிர்வீட்டு அம்மா வேறு யோசனை சொன்னார்: முதல் வாரம் கூடவே போங்கள், அடுத்த வாரம் பத்தடி பின்னால் போங்கள், பிறகு பெரிய சாலையைக் கடக்கும் இடம் வரை மட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் மூவரும் ஒத்திகை பார்க்கிறோம். வழியில் இரண்டு சிக்னல், ஒரு டிராம் பாதை. மகள் முன்னால் போகிறாள். டிராம் பாதையருகே நின்று இடமும் வலமும் பார்க்கிறாளா என்று அவர் கவனிக்கிறார், சிக்னலில் பச்சை வரும்வரை நிற்கிறாளா என்று நான்.